மூக்குத்தியின் திருகு

திருகு அசையவில்லை. சோப்பு நுரையில் விரல்தான் வழுக்குகிறது, நுரை மூக்குக்குள் ஏறி எரிகிறது, கண் நிறைகிறது, திருகு மட்டும் உள்ளேயிருந்து யாரோ பிடித்துக்கொண்டிருப்பதுபோல இருந்த இடத்தில் இருக்கிறது. கை கழுவும் தொட்டிக்கு மேலே ரசம் போன கண்ணாடியில் உலகம்மை தன் மூக்கைப் பார்த்தாள். வலது பக்கம் சிவந்து வீங்கத் தொடங்கிவிட்டது. அந்தச் சிவப்பின் நடுவே எட்டுக்கல் மூக்குத்தி, பேசரி, நுரையை மீறி மினுங்கியது. வெட்கமில்லாத கல். முதுகுக்குப் பின்னால் நீள வராந்தா, அதன் கடைசியில் ஒரு கதவு, கதவில் சதுரமாய் ஒரு கண்ணாடிச் சில், அதற்கு அந்தப் பக்கம் அவர். பிரம்மநாயகம். அத்தை மகன், கணவர், ஓய்வு பெற்ற டிராயிங் மாஸ்டர், இப்போது வழக்கமான மாத்திரைகளுக்கு மசியாத காசநோயோடு தனி அறையில் கிடப்பவர். நாளைக் காலையில் வண்டி வந்துவிடும். வேறு ஊரில் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கே சொந்தக்காரர்கள் யாரையும் உள்ளே விடமாட்டார்களாம், மாதக்கணக்கானாலும் சரி. ஆகவே இன்றைக்கு மத்தியானச் சோறுதான் அவள் கையால் அவர் சாப்பிடும் கடைசிச் சோறு. கடைசி என்று ஏன் நினைத்தேன், இந்த ஊரில் கடைசி, அவ்வளவுதான், மனசு எப்படித்தான் சொல் பொறுக்குகிறதோ. மூக்குத்தியைக் கழற்றினால் உள்ளே போகலாம். கழற்றாவிட்டால் கண்ணாடிச் சில்லுக்கு இந்தப் பக்கம் நின்று கையை ஆட்டிவிட்டு, தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

ஜெபமணி சிஸ்டர் அப்படித்தான் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. அவள் கோபப்பட்டிருந்தால் எளிதாக இருந்திருக்கும், பதிலுக்கு இரண்டு வார்த்தை பேசிவிட்டு அந்தச் சூட்டிலேயே கழற்றியிருக்கலாம். வழக்கமாக இருக்கிற நர்ஸ் லீவு, இன்றைக்கு இவள். உலகம்மை மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு கதவுப் பக்கம் போகும்போதே கூப்பிட்டுவிட்டாள். "அம்மா, கொஞ்சம் நில்லுங்க. உங்க மூக்குக்கண்ணாடியில ஒரு பக்கம் மட்டும் ஆவி அடிக்கி." வெக்கை, சிஸ்டர், என்றாள் உலகம்மை. "வெக்கைன்னா ரெண்டு கண்ணுக்கும்தான வெக்கை." அப்புறம் இரண்டு உள்ளங்கைகளையும் மாஸ்க்கின் மேல் குவித்து வைத்து ஊதச் சொன்னாள். ஊதியதும் வலது கண்ணோரம் சூடாக ஒரு காற்று ஏறியது, யாரோ பக்கத்தில் நின்று மூச்சு விடுவதுபோல. "பாத்தீயளா. நீங்க ஊதும்போது வெளிய போற காத்து, இழுக்கும்போது உள்ள வரும்லா. துணி வழியா வடிகட்டி வர அதுக்கு என்ன தலையெழுத்து, பக்கத்துலயே வாசலத் தொறந்து வச்சிருக்கீய." மற்றதெல்லாம் சரியாகத்தான் செய்திருந்தாள். கை கழுவியிருந்தாள். மாஸ்க்கை மோவாய்க்கு முதலில் கொடுத்து, பிறகு மூக்குக்கு ஏற்றியிருந்தாள். மேல் வார் உச்சந்தலையில், கீழ் வார் காதுக்குக் கீழே பிடரியில், ஒன்றோடொன்று குறுக்கிடாமல். அதற்காகவே கொண்டையை இறக்கிப் போட்டுக்கொள்ளப் பழகியிருந்தாள். மூக்குத்தண்டின் மேல் மாஸ்க்கின் கம்பியை இரண்டு கை விரலாலும் அழுத்தியிருந்தாள். அந்தக் கம்பிதான் வலது பக்கம் கல்லின் மேல் ஏறி நின்றுகொண்டது. கொஞ்சம் பொறுங்க என்று சொல்லிவிட்டு, பேசரியின் மேல் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு வந்து நின்றாள். ஜெபமணிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "இது என்னம்மா, காயம் மூக்குக்கா மூக்குத்திக்கா?" படித்தவள் செய்கிற காரியமா. ஆனால் இதைவிடப் பெரிய கூத்து வீட்டில் நடந்தது. முதலில் மாஸ்க் வாங்கி வந்தபோது இரண்டு விதம் இருந்தது, கெட்டியாகக் கிண்ணம் போல ஒன்று, மெல்லிய நீலத்தில் ஒன்று. கெட்டியானதை அவருக்குக் கொடுத்தாள். மெல்லியதைத் தனக்கு வைத்துக்கொண்டாள். மாம்பழத்தில் நல்ல கதுப்பை அவர் தட்டில் வைத்துவிட்டுக் கொட்டையைச் சப்புகிற பழக்கம். நோயாளிக்கு மெல்லியது போதும், தெறிப்பதைத் தடுக்கத்தான் அது. பக்கத்தில் இருப்பவருக்குத்தான் கெட்டியானது, மிதப்பதை வடிகட்ட வேண்டுமே என்று இங்கே வந்த பிறகு டாக்டர் சொன்னார். அன்பு தலைகீழாகப் போட்டுக்கொண்டு திரிந்தது அத்தனை நாளும். அப்படி எத்தனை காரியம் தலைகீழாகச் செய்தேனோ.

பயம் இல்லை என்று சொல்லிக்கொள்கிறாள். பயம் இருக்கிறது. அவர் இருமும்போது வருவது கண்ணுக்குத் தெரியாது, அவர் இருமி முடித்து, தண்ணீர் குடித்து, சாய்ந்துவிட்ட பிறகும் அது அறையில் மிதந்துகொண்டே இருக்கும். ஜன்னலை எல்லாம் திறந்துதான் வைத்திருக்கிறார்கள், மலைக்காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போகிறது, இருந்தாலும். கல்லும் தங்கமும் விட்ட சந்து வழியாக எத்தனை நாள் இழுத்தேன். நெஞ்சுக்குள் ஒரு மூலையில் ஏதாவது உட்கார்ந்திருக்குமா, இப்போதே, திருகைத் திருகிக்கொண்டிருக்கும் இந்த நேரத்தில். படம் எடுத்தார்கள், சளி பார்த்தார்கள், ஒன்றும் இல்லை என்றார்கள், மறுபடி பார்க்க வேண்டும் என்றார்கள். பயம் அதில்கூட இல்லை. பயம் விரலில் இருக்கிறது. திருகைப் பிடித்ததும் விரல் தளர்ந்துவிடுகிறது. நம்பிக்கையா என்றால் இல்லை. பாளையங்கோட்டையில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தவள், பரணில் இன்னும் இரண்டு பெட்டி நிறையப் புத்தகம், கணவன் இருக்கையில் மூக்குத்தியைக் கழற்றினால் அவனுக்கு ஆகாது என்பதை எவளாவது சொன்னால் முகத்துக்கு நேரே சிரிப்பவள். சிரிப்பு வாயில் இருக்கிறது, விரல் வேறு எங்கேயோ இருக்கிறது. விரல் ஒரு விடியற்காலையில் இருக்கிறது. அப்பா போன பிறகு, இருட்டுப் பிரியாத நேரம், அம்மாவை நடுவில் உட்காரவைத்துச் சுற்றிலும் சேலையைப் பிடித்திருந்தார்கள். திருகு அசையவில்லை. இதே போலத்தான். யாரோ எண்ணெய் என்றார்கள், யாரோ ஆசாரியைக் கூப்பிடு என்றார்கள். ஆசாரி தூக்கக் கலக்கத்தோடு வந்து, சேலைத் தடுப்புக்குள் குனிந்து, குறட்டால் ஒரு வெட்டு. டிக். நகம் வெட்டுகிற சத்தம்கூட அதைவிடப் பெரிதாக இருக்கும். அம்மா அழவில்லை, தும்மினாள். பிறகு எப்போதும் அந்த இடத்தில் ஒரு கறுப்புப் புள்ளி, அம்மா முகம் கழுவினால் நீர் அங்கே கொஞ்சம் தங்கி நிற்கும். தோள்பையில் தேர்வுக்குப் படிக்க எடுத்துவந்த புத்தகத்தோடு உலகம்மை சுவரோரம் நின்றிருந்தாள். வேண்டாம் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். கேட்டிருக்க மாட்டார்கள். சொன்னது அம்மாவின் காதில் விழுந்திருக்கும்.

பேசரி அத்தை கொடுத்தது. மருமகளாக வீட்டுக்கு வந்த அன்றைக்கே தன் பெட்டியிலிருந்து எடுத்து, இவளுடைய சின்ன ஒற்றைக்கல்லைக் கழற்றிவிட்டு, தன் கையாலேயே போட்டு, திருகை இறுக்கி, "இனி இது மண்ணுக்குத்தான் போகும், இல்லன்னா உன் மருமவளுக்குப் போகும்" என்றாள் அத்தை. மருமகள் வரவில்லை, பிள்ளையே பிறக்கவில்லை. அத்தையும் போய்விட்டாள். கல் மட்டும் இருக்கிறது, அத்தை கண் போல. கல்யாணமான புதிதில், சாரல் விழுந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், மாடி அறையில் அவர் கரித்துண்டும் தாளும் வைத்துக்கொண்டு, ஏளா, அசையாம இரு என்று இவளை ஜன்னலோரம் உட்காரவைத்தார். நெடுநேரம் தாளையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தாளைத் திருப்பிக் காட்டினார். நெற்றி இருந்தது, கண் இருந்தது, உதடு இருந்தது, மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைத் தாள். "என்ன அத்தான், மூக்கறுத்துட்டீயளே." "உன் மூக்கு எங்க இருக்கு, அந்தக் கல்லுல்லா இருக்கு. கண்ணு அங்கேயே போயிருது. பொண்ணு பாக்க வந்தப்ப ஒத்தக்கல்லு, அப்பவும் அப்படித்தான், எதையோ பளபளன்னு பாத்துட்டு வந்தேன். ஒரே ஒரு தடவ கழட்டேன். உன் மூஞ்சிய நான் இன்னும் பாக்கல, உலகு." எவ்வளவு சின்னக் குரலில் கேட்டார். கேலி போலத்தான் கேட்டார், கேலி இல்லை என்று தெரியும்படி. கீழே அத்தை உரலில் ஏதோ இடிக்கிற சத்தம். இவள் சிரித்தாள். உங்களுக்கு என்ன, நீங்க இருக்கையில கழட்டுனா அத்தை என்ன வகுந்துருவாவ, என்றாள். அது ஒரு பதிலா. ராத்திரி கழற்றி விடிவதற்குள் போட்டுக்கொண்டிருக்கலாம், யாருக்குத் தெரியும். சரி என்றார். தாளை மடித்தார். அப்புறம் கோபுரத்தை வரைந்தார், அருவியை வரைந்தார், ஊரில் பாதிக் கடைக்குப் பெயர்ப்பலகை எழுதினார், பள்ளிக்கூடச் சுவரில் மயிலும் மானும் போட்டார். இவளை வரையவில்லை. கேட்கவும் இல்லை. வருத்தமாகவும் இருக்கவில்லை, அதுதான் வருத்தம். ஒரு சின்னக் கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது, வீட்டில் வேறு கதவுகள் நிறைய இருந்தன, ஆகவே யாரும் கவனிக்கவில்லை. இருமல் வந்தபோதும் இப்படித்தான். சாக்பீஸ் தூசி என்றார், ஆமாம் என்றாள். அது தூசி இல்லை என்று ஆனபிறகு மாத்திரை கொடுத்தார்கள், உடம்பு தேறியது, வயிற்றைப் புரட்டுது போதும் என்று அவர் பாதியில் நிறுத்தியபோது, இத்தனை நாள் சாப்பிட்டீயளே என்று இவளும் விட்டுவிட்டாள். பாதியில் நிறுத்தியதால்தான் நோய் மாத்திரையைப் படித்துக்கொண்டது என்றார் டாக்டர். அவர் ஒன்றைக் கேட்டால் நான் சிரிக்கிறேன், அவர் ஒன்றை விட்டால் நானும் விடுகிறேன். இதற்குப் பெயர் இணக்கமாம், ஊரில் எல்லோரும் சொல்வார்கள், அவங்க ரெண்டு பேரும் சண்டையே போட்டதில்ல.

"இன்னும் ஆகலையாம்மா?" ஜெபமணி ஒரு பஞ்சுத் துண்டில் தேங்காய் எண்ணெயும், ஒரு சோடி ரப்பர் கையுறையும் எடுத்துக்கொண்டு வந்தாள். "உறையோட பிடிங்க, வழுக்காது. கல்லு பக்கம் நான் பிடிச்சுக்கிடுதேன்." எண்ணெய் மூக்குக்குள் குளிர்ந்தது. உலகம்மை கண்ணாடியைப் பார்த்தபடி திருகினாள். மூக்கே கழன்றுவிடும் போல வலித்தது. ஜெபமணி குனிந்து பக்கவாட்டில் பார்த்தாள். "ஏம்மா, எந்தப் பக்கம் திருகுதீய?" கழட்டுற பக்கம்தான், என்றாள் உலகம்மை. "கண்ணாடியப் பாத்துத் திருகுதீய. நீங்க இறுக்கிட்டு இருக்கீயம்மா இவ்வளவு நேரமும்." உலகம்மை மூக்கிலிருந்து கையை எடுத்தாள். பிறகு ஜெபமணியின் தோள் குலுங்கியது, உலகம்மைக்கும் சிரிப்பு வந்தது, சிரிப்போடு வேறு எதுவோ சேர்ந்து வந்துவிடப் பார்த்தது, பல்லைக் கடித்து அதை நிறுத்தினாள். கண்ணை மூடிக்கொண்டு மறுபக்கம் திருகினாள். முதலில் கெட்டியாக ஒரு மறுப்பு. பிறகு ஒரு நெகிழ்வு. சத்தமே இல்லை. டிக் என்று எதிர்பார்த்த காதுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஜெபமணியின் உள்ளங்கையில் பேசரி விழுந்தபோது அது எத்தனை சின்னது என்று ஆச்சரியமாக இருந்தது. "ஓட்டை அடைஞ்சிருமோ, சிஸ்டர்?" "இத்தன வருசத்து ஓட்டை, அது எங்க அடைய." கண்ணாடியில் யாரோ ஒருத்தி நின்றாள். அம்மா மாதிரி இல்லை. அம்மாவாகத்தான் இருக்கும் என்று பயந்துதான் இவ்வளவு நேரமும் இறுக்கினேனோ. கூரான, கொஞ்சம் கோணலான ஒரு மூக்கு. இவள் யார், இவளை எனக்கே தெரியாதே என்று நினைத்து முடிப்பதற்குள் பேசரியைப் பர்ஸில் போட்டு, கை கழுவி, புது மாஸ்க்கை மோவாயில் கொடுத்து ஏற்ற வேண்டியதாயிற்று, சோறு ஆறுகிறது. கம்பியை அழுத்தினாள். இரண்டு பக்கமும் வழுவழுவென்று படிந்தது. குவித்து ஊதினாள். எந்தப் பக்கமும் காற்று இல்லை, தன் மூச்சு தனக்குள்ளேயே திரும்பிவந்து வாயைச் சுட்டது. ஜெபமணி தலையை ஆட்டினாள். போங்க.

கதவைத் தட்டினாள். தட்டினால் உள்ளே இருப்பவர் தன் நீல மாஸ்க்கை ஏற்றிக்கொள்ள வேண்டும், அதுதான் வழக்கம். அவர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், போர்வைக்குக் கீழே கால்கள் இருப்பதாகவே தெரியவில்லை. சாரல் விட்டு வெயில் அடித்தது, மேற்குப் பக்க ஜன்னல் முழுக்க மலை, மலையிலிருந்து வெளிச்சம் அறைக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. ஜன்னல் காற்று தன் பக்கமிருந்து அவர் பக்கம் போகும்படி நாற்காலியைப் போட்டுக்கொண்டு, தூக்குச்சட்டியைத் திறந்தாள். குழைத்த ரசஞ்சாதம், ஓரத்தில் பிரண்டைத் துவையல். ஸ்பூனை நீட்டினாள். அவர் மாஸ்க்கை இறக்கிவிட்டு வாயைத் திறக்காமல் அவளையே பார்த்தார். "இன்னைக்கு என்ன, ரெண்டு கண்ணும் தெரியுது?" ஆவி அடிக்கல, என்றாள். மாஸ்க்குக்குள் தன் குரல் அண்டாவுக்குள் பேசுவதுபோலக் கேட்டது. ஒரு வாய் வாங்கி மெதுவாக மென்றார். விழுங்கினார். மாஸ்க்கின் வலது பக்கத்தை, அது படிந்திருந்த விதத்தை, சுவரில் கோணலாக மாட்டிய படத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "கழட்டிட்டியா?" தலையை அசைத்தாள். "நான் போறதுக்கு முன்னாலேயே கழட்டிட்டியே, ஏளா. அவ்வளவு அவசரமா?" "சும்மா சாப்பிடுங்க அத்தான்." "எங்கம்மை இருந்தா உன்ன வகுந்துருப்பா." மறக்கவில்லை. அதே சொல். இத்தனை வருஷம் எங்கே வைத்திருந்தார். இன்னொரு வாய், இன்னொரு வாய். மற்ற நாட்களைவிடக் கூடுதலாகவே சாப்பிட்டார், துவையலைக் கேட்டு வாங்கினார். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு, மாஸ்க்கை ஏற்றிக்கொண்டு, ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்: "காட்டு." அந்தச் சின்னக் குரல். இவள் ஸ்பூனைச் சட்டியில் வைத்தாள். "இங்க வச்சுக் கழட்டக் கூடாதுன்னு சொல்லியிருக்காவ." "தெரியும். கேட்டுப் பாத்தேன்." சிரிக்காதே, இந்தத் தடவை சிரித்துவிடாதே என்று சொல்லிக்கொண்டாள், சிரித்தாலும் அவருக்குத் தெரியாது. ஒரு கணம்தானே. மூச்சைப் பிடித்துக்கொண்டு, இறக்கி, காட்டிவிட்டு, ஏற்றிவிட்டால். கை தானாக எழுந்து மாஸ்க்கின் முகப்புக்கு வந்துவிட்டது. "தொடாத," என்றார் அவர். "முன்பக்கத்தத் தொடக் கூடாது. சிஸ்டரு எனக்கே பாடம் எடுத்துருக்கா." கை மடிக்குத் திரும்பியது. அவர் கையை நீட்டி அவளுடைய புடவைத் தலைப்பைத் தொட்டார், துணியின் தரம் பார்ப்பவர்போல. "வீட்ல தண்ணி மோட்டார ராத்திரியில ஓடவிட்டுட்டுத் தூங்கிராத. கேட்டியா." கேட்டேன், என்றாள். போய்ட்டு வாங்க என்று சொல்ல வேண்டும், போய்விடாதீர்கள் என்று சொல்ல வேண்டும், இரண்டும் மாஸ்க்குக்குள்ளேயே சுற்றிவந்து ஈரமாகிவிட்டன. சட்டியை மூடினாள்.

வெளியே வந்து கதவைச் சாத்தினாள். கை கழுவினாள். குனிந்து, கீழ் வாரை முதலில் தலைக்கு மேலாக எடுத்து, பிறகு மேல் வாரை, முகப்பைத் தொடாமல் வாரைப் பிடித்தே மூடியுள்ள தொட்டிக்குள் போட்டாள். மறுபடி கழுவினாள். முகத்தில் காற்றுப் பட்டது, மூக்கின் வலது ஓரத்தில் புதிதாக ஒரு குளிர்ச்சி, ஊசிமுனை அளவு. அப்புறம்தான் தோன்றியது. கதவு சாத்தியிருக்கிறது, நடுவில் கண்ணாடி இருக்கிறது, இங்கே நின்றால் யார் என்ன சொல்ல முடியும். சதுரத்துக்கு நேராகப் போய் நின்றாள். அவர் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நேராக, கண்ணெடுக்காமல். அவள் அப்படியே நின்றாள், ஜன்னலோரம் உட்காரவைத்த பெண்ணைப்போல அசையாமல். முகத்தைக் கொஞ்சம் திருப்பி வலது பக்கத்தைக் காட்டினாள். அவர் பார்த்தார். பார்த்துக்கொண்டே கையை உயர்த்தித் தலைமுடியைக் கோதிவிட்டுக்கொண்டார், கலைந்திருந்த காதோரத்தைப் படியவைத்தார், மாஸ்க்கின் ஓரத்தைச் சரிசெய்தார். அப்போது புரிந்தது. அறையில் அவ்வளவு வெயில், வராந்தாவில் இருட்டு. அவர் பார்ப்பது கண்ணாடியில் தெரிகிற தன்னைத்தான். வராந்தா விளக்கின் சுவிட்சைத் தேடிக் கண்ணை ஓட்டினாள், பக்கத்துச் சுவரில் எதுவும் இல்லை, நகர்ந்தால் அவர் பார்வை நகர்ந்துவிடுமோ என்று காலும் வரவில்லை. மலையிலிருந்து ஒரு மேகம் இறங்கி வெயிலை மூடியது. அறை மெல்ல மங்கியது, சில்லில் இருந்த பளபளப்பு ஓரத்திலிருந்து வடிந்து போனது, இப்போது தெரியும், இப்போது பார்த்தால் தெரியும். அவருக்கு இருமல் வந்தது. மாஸ்க்கை இறக்கிவிட்டு, சொல்லிக்கொடுத்திருந்தபடி ஜன்னல் பக்கமாகத் திரும்பிக்கொண்டு இருமினார். முதுகு குலுங்கியது. சாரல் மறுபடி விழத் தொடங்கியது, இருமல் நின்ற பிறகும் அவர் அதையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். உலகம்மை விரலை மடக்கிக் கண்ணாடியில் தட்டினாள். அவர் தன் மாஸ்க்கை ஏற்றிக்கொண்டார். திரும்பவில்லை. சிஸ்டர் மாத்திரையோடு வருகிறாள் என்று நினைத்து, முகத்தைச் சாரலுக்குக் கொடுத்தபடியே ஒரு கையை மட்டும் முதுகுக்குப் பின்னால் கதவுப் பக்கமாக நீட்டினார், உள்ளங்கை விரித்து. அது காத்திருந்தது. மறுபடி தட்ட உயர்ந்த விரல் கண்ணாடியில் பட்டபடியே நின்றுவிட்டது. அந்தக் கை களைத்துப்போய் மெல்ல மூடிக்கொள்ளும்வரை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.